இன்னும் ஒரு வாய்: குழந்தைக்கு ஊட்டுவதை அளக்க முடியுமா?

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற மாதம் நம் காரியதரிசி என்னிடம், "மாமா, அடுத்த கூட்டத்தில் நீங்கள் ஸயன்ஸ் பற்றி ஏதாவது பேச வேண்டும்" என்றார். சந்திரயான், சூரிய சக்தி என்று எதையாவது எடுத்துக்கொள்வேன் என்று நினைத்திருப்பார். நான் தலைப்பைச் சொன்னதும் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார். பிறகு, "குழந்தைக்குச் சாதம் ஊட்டுவதில் என்ன மாமா ஸயன்ஸ்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில்தான் இன்றைய பேச்சு.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. நான் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. 1972-ல் மத்திய சர்க்காரின் தேசிய மாதிரி ஆய்வில் சேர்ந்து 2009-ல் ஓய்வு பெற்றவன். வீடு வீடாகப் போய், "போன மாதம் எத்தனை கிலோ அரிசி வாங்கினீர்கள், எத்தனை லிட்டர் எண்ணெய் செலவாயிற்று" என்று கேட்டு எழுதிக்கொள்ளும் வேலை. ஆரம்பத்தில் நானே போய்க் கேட்டேன். பிறகு கேட்பவர்களை மேற்பார்வை பார்த்தேன். அந்த அமைப்பு 2019-ல் மத்தியப் புள்ளியியல் அலுவலகத்தோடு இணைந்து தேசியப் புள்ளியியல் அலுவலகம் ஆகிவிட்டது. 37 வருஷ சர்வீஸில் நான் கற்ற பாடம் ஒன்றுதான். பதில் சொல்பவர்கள் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. ஆனால் கேள்வி எப்படியோ, பதிலும் அப்படி.

ஒரு உதாரணம் சொல்கிறேன். வீட்டுச் செலவைக் கேட்கும்போது "கடந்த 30 நாளில்" என்று கேட்பது எங்கள் பழைய வழக்கம். 51-வது சுற்றிலிருந்து 54-வது சுற்று வரை, ஒரு பகுதி வீடுகளில் மட்டும் சாப்பாட்டுச் செலவை "கடந்த 7 நாளில்" என்று மாற்றிக் கேட்டுப் பார்த்தார்கள். அந்த வீடுகளில் செலவு அதிகமாக வந்தது. பிறகு 1999-2000-ல் 55-வது சுற்றில், ஒரே வீட்டில் 7 நாள் கணக்கையும் 30 நாள் கணக்கையும் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில் கேட்டார்கள். பதில் சொன்னவர்கள் இரண்டையும் ஒன்றோடு ஒன்று பொருந்தும்படி சொல்லிவிட்டார்கள். முந்தைய சுற்றுகளோடு சரியாக ஒப்பிட முடியாமல் போயிற்று. நாட்டில் ஏழைகள் எத்தனை பேர் குறைந்தார்கள் என்பதைப் பற்றிப் பெரிய பெரிய பொருளாதார நிபுணர்கள் வருஷக்கணக்கில் வாதாடினார்கள். அரிசிக் கணக்கைக் கேட்பதிலேயே இத்தனை சிக்கல். அந்த அரிசியைக் குழந்தைக்கு எப்படி ஊட்டுகிறாய் என்று ஒரு தாயாரைக் கேட்பது எவ்வளவு சிக்கல்!

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் அகத்தில் நானும் என் மனைவியும், பிள்ளை, மாட்டுப்பெண், பேரன் என்று ஐந்து பேர் ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம். நான் சொல்லப்போவது நடந்தபோது பேரனுக்கு மூன்றரை வயது.

ராத்திரி ஏழரை மணிக்கு ஆரம்பிக்கும். என் மனைவி கிண்ணியில் பருப்புஞ்சாதத்தை நெய் விட்டுக் குழையப் பிசைந்து எடுத்து வருவாள். பேரன் கையில் மொபைல் போன், அதில் பொம்மைப்படம். படத்தைப் பார்த்து வாயைப் பிளக்கும்போது ஒரு உருண்டை உள்ளே போகும். அவன் மெல்ல மாட்டான், விழுங்கவும் மாட்டான். கன்னத்தில் அடக்கி வைத்துக்கொள்வான். ஒரு மணி நேரம் ஆகும். "பசிச்சா அவனே கேப்பாம்மா, விட்டுடுங்கோ" என்பாள் மாட்டுப்பெண். "நாங்கள்ளாம் குழந்தை வளத்ததே இல்லையா?" என்பாள் என் மனைவி. ஒரு நாள் கடைசி இரண்டு வாயை அவசரமாகத் திணித்ததில், குழந்தை சாப்பிட்ட அத்தனையையும் வாந்தி எடுத்துவிட்டான். மாட்டுப்பெண் அழுதுகொண்டே சுத்தம் செய்தாள். என் மனைவி அன்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். பிள்ளை டிவி சத்தத்தைக் கூட்டினான். நான் பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். இந்தக் காட்சி இங்கே பல பேருக்குப் பழக்கமானது என்பது உங்கள் முகங்களைப் பார்த்தாலே தெரிகிறது.

குழந்தைகள் டாக்டரிடம் போனோம். எடையையும் உயரத்தையும் எடுத்து வரைபடத்தில் புள்ளி வைத்தார். ஒரு வருஷமாகப் புள்ளிகள் ஒரே கோட்டை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தன. "நன்றாக வளர்கிறான். சரி, யார் ஊட்டுகிறீர்கள்? எப்படி ஊட்டுகிறீர்கள்?" என்று கேட்டார். போனவர்கள் மூன்று பேர். மூன்று பேரும் ஒரே சமயத்தில் மூன்று பதில் சொன்னோம். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார்.

அந்த வரைபடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. "அதெல்லாம் வெள்ளைக்காரக் குழந்தைகளுக்குப் போட்ட கணக்கு" என்று நம்மில் சிலர் சொல்வதுண்டு. அப்படியில்லை. உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட அந்த வளர்ச்சி அளவைக்காக ஆறு தேசத்துக் குழந்தைகளை அளந்தார்கள். பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகியவற்றோடு இந்தியாவும் உண்டு. அளக்கப்பட்டவர்கள் நம் டில்லிக் குழந்தைகள்.

எடைக்குத் தராசு இருக்கிறது, உயரத்துக்கு அளவுகோல் இருக்கிறது. ஊட்டுவதற்கு என்ன இருக்கிறது? இந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்தவன், இரண்டு மாதம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து படித்தேன். படித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

குழந்தை என்ன சாப்பிட்டது, எவ்வளவு சாப்பிட்டது என்பதை அளப்பது பழைய வித்தை. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கீழ் 1972-ல் தொடங்கிய கண்காணிப்பு அமைப்பு, அளவுக் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், "நேற்று முழுக்க என்ன கொடுத்தீர்கள்?" என்று கேட்டது. ஆனால் எப்படிக் கொடுத்தார்கள் என்பது வேறு கேள்வி. கெஞ்சியா, மிரட்டியா, லஞ்சம் கொடுத்தா, வேடிக்கை காட்டியா, அல்லது தட்டை வைத்துவிட்டுச் சும்மா இருந்தா? இதை எண்ணாக்கிப் பார்க்கும் முயற்சி பிற்காலத்தது.

அதற்கும் ஒரு முன்கதை உண்டு. அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்ற பெண் டாக்டர் 1926-ல் ஒரு பரிசோதனையை ஆரம்பித்தார். தாய்ப்பால் மறந்த 15 குழந்தைகள். 34 வகை எளிய உணவுகள் பட்டியலில். அவற்றில் ஒவ்வொரு வேளைக்கும் சிலவற்றைத் தட்டில் வைப்பார்கள். நர்ஸ் கையில் ஸ்பூனோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். குழந்தை தானாகக் கை நீட்டினால்தான் கொடுப்பாள். சாப்பிடு என்றும் சொல்ல மாட்டாள், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டாள். குழந்தைகள் ஒரு நாள் கன்னாபின்னாவென்று சாப்பிட்டன, இன்னொரு நாள் தொடவில்லை. மொத்தத்தில் நன்றாகவே வளர்ந்தன. 1939-ல் இதைத் தொகுத்துச் சொன்னபோது அந்த அம்மாள் ஒரு உண்மையையும் சேர்த்துச் சொன்னார். சூட்சுமம் பட்டியலில் இருக்கிறது என்றார். பட்டியலில் சர்க்கரைப் பண்டம் கிடையாது. எதைக் கொடுப்பது என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்தார்கள். எவ்வளவு என்பதைக் குழந்தை முடிவு செய்தது.

கேள்வித்தாள் மூலம் அளக்கும் முறைகளில் பிரபலமானது 2001-ல் வந்தது. பென்ஸில்வேனியா மாகாணப் பல்கலைக்கழகத்தில் இருந்த லீயன் பிர்ச் என்ற மனோதத்துவ நிபுணரும் அவருடைய சகாக்களும் தயாரித்தது. 31 கேள்விகள், ஏழு பிரிவுகள். இரண்டு வயது முதல் பதினொரு வயது வரை உள்ள குழந்தைகளின் பெற்றோர்களுக்கானது. ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து படிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏழு பிரிவுகளில் மூன்றுதான் ஊட்டும் பழக்கத்தைப் பற்றியவை. ஒன்று, சாப்பிடச் சொல்லி வற்புறுத்துவது. இரண்டு, பிடித்த தின்பண்டங்களைக் கொடுக்காமல் கட்டுப்படுத்துவது. மூன்று, என்ன சாப்பிடுகிறான் என்று கண்காணிப்பது. மற்ற நான்கும் பெற்றோரின் பொறுப்புணர்ச்சி, அவர்களுடைய எடை, குழந்தையின் எடை, எடையைப் பற்றிய கவலை.

2005-ல் ஹூஸ்டனில் ஷெரில் ஹ்யூஸ் என்பவரின் குழு, வருமானம் குறைந்த குடும்பங்களில் பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகளுக்காக வேறொரு கேள்வித்தாள் செய்தது. அது பெற்றோரை நான்கு ரகமாகப் பிரிக்கிறது: நெறிப்படுத்தி அன்போடு நடத்துபவர், அதட்டி நடத்துபவர், செல்லம் கொடுப்பவர், கண்டுகொள்ளாதவர். 2007-ல் ஒஹாயோவிலிருந்து 49 கேள்விகளும் 12 பிரிவுகளும் கொண்ட இன்னொன்று வந்தது. அதில் குழந்தையைச் சமையலில் சேர்த்துக்கொள்வது, தானே சாப்பிட்டு முன்மாதிரி காட்டுவது, சாப்பாட்டைப் பரிசாகக் கொடுப்பது, அழுகையை நிறுத்தத் தின்பண்டம் கொடுப்பது எல்லாம் தனித்தனிப் பிரிவுகள்.

இவை நம்பத்தக்கவையா? எந்த அளவுகோலுக்கும் இரண்டு பரீட்சை உண்டு. காய்கறிக்காரர் தராசில் ஒரே பூசணிக்காயை மூன்று தடவை நிறுத்தால் மூன்று தடவையும் ஒரே எடை காட்ட வேண்டும். இது முதல் பரீட்சை. ஆனால் தராசின் அடியில் புளியை ஒட்டி வைத்திருந்தால்? மூன்று தடவையும் ஒரே மாதிரி, ஆனால் தப்பாகக் காட்டும். எடை உண்மையான எடைதானா என்பது இரண்டாவது பரீட்சை. இந்தக் கேள்வித்தாள்கள் முதல் பரீட்சையில் பெரும்பாலும் தேறிவிடுகின்றன. இரண்டாவதில்தான் திணறுகின்றன. பெற்றோர்கள் தாளில் எழுதிய பதிலையும், சாப்பாட்டு வேளையில் எடுத்த வீடியோவையும் ஒப்பிட்டுப் பார்த்தால் பல சமயம் இரண்டும் ஒத்துப்போவதில்லை. காரணம் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. நாம் செய்வதை நாம் பார்ப்பதில்லை. செய்ய நினைத்ததைத்தான் எழுதுகிறோம்.

இதைச் சொந்த வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாமே என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. ஃபுல்ஸ்கேப் தாளில் நானே ஆறு கேள்வி எழுதினேன். பிள்ளை, மாட்டுப்பெண், மனைவி மூவருக்கும் தனித்தனியாகக் கொடுத்தேன். "வேண்டாம் என்று சொன்ன பிறகும் சாப்பிடச் சொல்வீர்களா?" என்பது முதல் கேள்வி. என் மனைவி "ஒருபோதும் இல்லை" என்று எழுதினாள். மாட்டுப்பெண்ணும் "ஒருபோதும் இல்லை" என்று எழுதிவிட்டு, ஓரத்தில் பென்ஸிலால் "பாட்டி: எப்போதும்" என்று சேர்த்திருந்தாள். பிள்ளை "சில சமயம்" என்று எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில் எழுதி ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டான்.

சரி, நேரில் எண்ணிவிடலாம் என்று நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்தி போட்டேன்: பாட்டி, அம்மா, அப்பா. இரண்டு ராத்திரி ஊஞ்சலில் உட்கார்ந்து கோடு போட்டேன். மூன்றாம் நாள் என் மனைவி நோட்டை எட்டிப் பார்த்தாள். "ஏன்னா, இதுல உங்களுக்கு ஒரு பத்தி கெடையாதா?" என்றாள். "நான் எங்கே ஊட்டறேன்?" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டை வாங்கி நான்காவது பத்தி போட்டு, மாட்டுப்பெண்ணின் கையில் கொடுத்தாள்.

புதிதாக ஆரம்பித்து ஏழு ராத்திரி எண்ணினோம். "இன்னும் ஒரு வாய்", "சீக்கிரம் முழுங்கு", "சாப்பிட்டுடு கண்ணா" என்ற வகையில் மொத்தம் 118. பாட்டி 52, அம்மா 21, அப்பா 8. தாத்தா 37. பேப்பருக்குப் பின்னாலிருந்து நான் சொன்னது 37 தடவை! சாக்லேட் தருகிறேன், ஸ்கூட்டரில் கூட்டிப் போகிறேன் என்று லஞ்சம் காட்டியது 19 தடவை. அதில் 14 என்னுடையது. 37 வருஷம் சர்க்கார் உத்தியோகத்தில் கை நீட்டி ஒரு பைசா வாங்காதவன், ஓய்வு பெற்ற பிறகு லஞ்சம் கொடுப்பவன் ஆகியிருந்தேன். மாட்டுப்பெண்ணுக்கும் தன் பத்தியில் இருந்த 21-ஐப் பார்த்து ஆச்சரியம். அவளே போட்ட கோடுகள் அவை.

அன்று ராத்திரி குழந்தை தூங்கிய பிறகு, 52 என்ற எண்ணைப் பார்த்துக்கொண்டே என் மனைவி உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொன்னாள். இதை இந்தச் சபையில் சொல்லலாமா என்று அவளைக் கேட்டேன். "சொல்லுங்கோ, யாருக்காவது பிரயோஜனப்படும்" என்றாள். அதனால் சொல்கிறேன்.

எங்களுக்கு முதலில் பிறந்தது பெண் குழந்தை. 1978-ல் இரண்டரை வயதில் போய்விட்டாள். ஜுரமும் வயிற்றுப்போக்கும். நான் ஆய்வு வேலையாக வெளியூர் முகாமில் இருந்தேன். கடைசி இரண்டு நாள் குழந்தை எதையுமே வாங்கிக்கொள்ளவில்லையாம். "அன்னிக்கு ஒரு வாய் சாப்பிட்டிருந்தா பொழைச்சிருப்பாளோன்னு இன்னிக்கும் தோணறது. அவன் வாயைத் திறக்கலேன்னா எனக்குக் கை நடுங்கறது" என்றாள். நாற்பது வருஷத்துக்கு மேல் அவள் மனசில் இது இருந்திருக்கிறது. எனக்கு அன்றுதான் தெரிந்தது. நோய்தான் அந்தக் குழந்தையின் பசியை எடுத்துக்கொண்டது. சாப்பிடாததால் நோய் வரவில்லை. ஸயன்ஸ் படித்த நான் இந்த ஒரு வாக்கியத்தை அவளிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் ஊர் ஊராகப் போய் மற்றவர்களிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டில் கேட்கவில்லை.

மறுநாள் அந்த 2001-ஆம் வருஷத்துக் கேள்வித்தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கவலை என்று ஒரு பிரிவு இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா? அதில் இருப்பவை மூன்று கவலைகள்: நான் பக்கத்தில் இல்லாதபோது குழந்தை அதிகமாகச் சாப்பிட்டுவிடுவானோ, உடம்பு இளைக்கப் பத்தியம் இருக்க வேண்டி வருமோ, குண்டாகிவிடுவானோ. மெலிந்து போவானோ, நோஞ்சானாகிவிடுவானோ என்ற கவலைக்கு அதில் இடமே இல்லை. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அந்த தேசத்தில் குழந்தைகளின் பருமன்தான் பெரிய கவலை. அதற்காகச் செய்த அளவுகோல். நம் தேசத்தின் கணக்கு வேறு. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் எடை குறைந்தவர்கள் 32.1 சதவீதம், அதிக எடையுள்ளவர்கள் 3.4 சதவீதம். நம் சங்கத்து வீடுகளில் பெரும்பாலும் அரிசிக்கும் நெய்க்கும் குறைவில்லை. ஆனாலும் அந்தப் பழைய பயம் பாட்டியிடமிருந்து அம்மாவுக்கு என்று பரம்பரையாக வந்துகொண்டிருக்கிறது. அதைக் கேட்காமல் வற்புறுத்தலை மட்டும் அளந்தால், என் மனைவிக்கு அதிக மார்க் வரும். ஏன் என்பது யாருக்கும் தெரியாது.

இன்னொன்று. தட்டில் உள்ளதை மீதி வைக்காமல் சாப்பிடச் சொல்வது அந்தத் தாளில் வற்புறுத்தலின் அடையாளம். நமக்கு அது அன்னத்துக்குக் காட்டும் மரியாதை. மேலும், தட்டு என்ற பேச்சே அவர்களுக்குத்தான் பொருந்தும். பால்கனியில் நடந்துகொண்டே, காக்காயைக் காட்டி, கிண்ணியிலிருந்து கையால் ஊட்டும் வீட்டில் குழந்தைக்கு ஏது தட்டு? அங்கே செய்த படிவத்தைத் தமிழிலோ ஹிந்தியிலோ மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. இங்கே யார் ஊட்டுகிறார்கள், எதற்குப் பயப்படுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு கேள்வியையே புதிதாகச் செய்ய வேண்டும்.

அப்படியானால் வற்புறுத்துவதில் தப்பில்லை என்று அர்த்தமா? இல்லை. அதைப் பரிசோதனையிலேயே பார்த்திருக்கிறார்கள். 1984-ல் பிர்ச்சும் சகாக்களும், பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகளுக்கு ஒரு புதுவிதப் பால் பானத்தைக் கொடுத்து, குடித்தால் பரிசு என்றார்கள். பரிசுக்காகக் குடித்த குழந்தைகளுக்குப் பிறகு அந்தப் பானம் முன்னைவிடப் பிடிக்காமல் போயிற்று. 2006-ல் வெளியான இன்னொரு பரிசோதனையில், சூப்பைக் குடித்து முடி என்று சொல்லிக்கொண்டே இருந்தபோது குழந்தைகள் குறைவாகக் குடித்தார்கள், அதைப் பற்றி அதிகம் குறை சொன்னார்கள். சும்மா விட்டபோது அதிகம் குடித்தார்கள். மறுபக்கமும் உண்டு. 1999-ல் ஒரு தின்பண்டத்தைக் கண் முன்னால் ஜாடியில் வைத்துக் கொஞ்ச நேரம் மட்டும் திறந்துவிட்டார்கள். அந்தத் தின்பண்டத்தின் மேல்தான் குழந்தைகளின் ஆசை அதிகமாயிற்று. சாப்பிட்டால் சாக்லேட் என்று நான் சொன்ன 14 தடவையும், பருப்புஞ்சாதம் தண்டனை, சாக்லேட் வெகுமதி என்று பேரனுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன்.

ஆனால் பழியைப் பெற்றோர் மேல் மட்டும் போடுவதும் நியாயமில்லை. இங்கிலாந்தில் இரட்டைக் குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2016-ல் வெளிவந்தது. ஒரே தாயார், ஒரே வீடு. இரண்டில் எந்தக் குழந்தை சாப்பாட்டில் அதிகம் அடம் பிடிக்கிறதோ, அந்தக் குழந்தையைத்தான் தாயார் அதிகம் வற்புறுத்துகிறாள். குழந்தை மறுப்பதால் நாம் வற்புறுத்துகிறோம். நாம் வற்புறுத்துவதால் குழந்தை மறுக்கிறது. இது சக்கரம். பெரியவர்கள்தான் முதலில் நிறுத்த முடியும்.

நம் நாட்டிலும் முயன்று பார்த்திருக்கிறார்கள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் சகாக்களும் இன்றைய தெலங்கானாவில் உள்ள நல்கொண்டா மாவட்டத்தில் 60 கிராமங்களில் நடத்திய ஆய்வு 2013-ல் வெளியாயிற்று. ஒரு பிரிவுத் தாய்மார்களுக்குச் சத்துள்ள உணவைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. குழந்தையின் குறிப்பை அறிந்து பொறுமையாக ஊட்டவும், அதோடு விளையாடவும் சொல்லிக்கொடுத்தார்கள். 15 மாத வயதில் அந்தக் குழந்தைகளின் மனவளர்ச்சி மதிப்பெண், வழக்கமான சேவை மட்டும் பெற்ற கிராமங்களைவிடக் கூடுதலாக இருந்தது. ஊட்டும்போது குழந்தைக்குப் போவது சாதம் மட்டும் இல்லை என்று இதிலிருந்து தெரிகிறது.

எங்கள் அகத்தில் என்ன செய்தோம்? அமெரிக்க உணவியல் நிபுணர் எலின் சாட்டர் வெகு காலமாகச் சொல்லிவரும் விதியை எடுத்துக்கொண்டோம். என்ன, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு சாப்பிடுவது என்பது குழந்தையின் பொறுப்பு. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் பால், பிஸ்கட் கிடையாது. மொபைல் போன் என் அலமாரியில். எல்லோரும் ஒன்றாக உட்காருவது. சின்னத் தட்டில் மூன்று வாய்க்கு வேண்டியது மட்டும், கேட்டால் இன்னும். அரை மணியில் தட்டை எடுத்துவிடுவது, திட்டாமல். முதல் வாரம் என் மனைவி கையைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கும் பேச்சு தொண்டை வரை வந்து நின்றது. இரண்டு ராத்திரி பேரன் ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ரசஞ்சாதத்தைத் தானே அள்ளிச் சாப்பிட்டுவிட்டு, "பாட்டி, இன்னும்" என்றான். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். சாதம் எடுக்கப் போனாள் என்று குழந்தை நினைத்தான்.

மூன்று மாதம் கழித்து டாக்டரிடம் போனோம். அதிசயம் ஒன்றும் இல்லை. எடை அதே கோட்டில்தான் போய்க்கொண்டிருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நாங்கள் தினமும் ஒரு மணி நேரம் போட்ட சண்டை அந்தக் கோட்டில் ஒரு கிராம்கூடச் சேர்த்திருக்கவில்லை என்பதுதான் எனக்குக் கிடைத்த முடிவு. இது ஒரு வீட்டுக் கணக்கு; இதை வைத்து ஊருக்குச் சட்டம் போட முடியாது. அதோடு ஒரு எச்சரிக்கை. இந்த முறை வளர்ச்சிக் கோடு சரியாக இருக்கும் குழந்தைக்குத்தான். கோடு கீழே இறங்கினாலோ, குழந்தை சோர்ந்து போனாலோ, ஜுரம், வயிற்றுப்போக்கு என்றாலோ, தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். அங்கே தாத்தாவின் நோட்டுப் புத்தகத்துக்கு வேலை இல்லை.

சின்னக் குழந்தை உள்ள அகங்களில் இந்த ஐந்து கேள்விக்கு ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பதில் எழுதிப் பாருங்கள்:

1. நேற்று ராத்திரி குழந்தை "போறும்" என்று எப்படித் தெரிவித்தான்? அதற்குப் பிறகு எத்தனை வாய் கொடுத்தீர்கள்?
2. சாப்பிட்டால் தருகிறேன் என்று எதையாவது சொன்னீர்களா?
3. அவன் சாப்பிடும்போது நீங்களும் கூட உட்கார்ந்து சாப்பிட்டீர்களா?
4. எத்தனை வாய் அவனே கையால் எடுத்துச் சாப்பிட்டான்?
5. அவன் சாப்பிடாவிட்டால் என்ன ஆகிவிடும் என்று பயப்படுகிறீர்கள்?

"வழக்கமாக" என்று கேட்காமல் "நேற்று ராத்திரி" என்று கேட்டிருப்பதைக் கவனியுங்கள். அது என் இலாகா எனக்குக் கற்றுக்கொடுத்தது. ஐந்தாவது கேள்வி மட்டும் என் மனைவி கொடுத்தது. மார்க் போட வேண்டாம், கூட்டவும் வேண்டாம். தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முக்கியமாக, தாத்தாவுக்கும் ஒரு தாள் கொடுங்கள்.

குழந்தை தன் சின்னக் கையை நீட்டி நெய்ச் சோற்றைத் துழாவி உடம்பெல்லாம் பூசிக்கொள்வதைப் பெரும் செல்வமாகப் பாடினான் பாண்டியன் அறிவுடை நம்பி. புறநானூற்றின் 188-வது பாட்டு. அந்தப் பாட்டில் யாரும் குழந்தைக்கு ஊட்டவில்லை என்பதை நான் இந்த வயதில்தான் கவனித்தேன். பேரனுக்கு இப்போது ஆறரை வயது. நேற்று இலையில் பாயசம் விழுந்ததும், "தாத்தா, இன்னும் ஒரு வாய் சாப்பிடுங்கோ" என்று எனக்குச் சொன்னான். எண்ணினேன், ஒரே ஒரு தடவைதான் சொன்னான்.